ஆஸ்டியோபாத்திடம் போகிறீர்களா? இடுப்பு, கழுத்து, மூட்டு வலிக்காரர்களுக்குப் படிப்படியான வழிகாட்டி

பிரிட்டனில் இருக்கிற தமிழர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஆஸ்டியோபாத் என்பவர் தசை, மூட்டு வலிக்குக் கையால் அழுத்தியும் அசைத்தும் வைத்தியம் செய்பவர். கல்லாவில் நாள் முழுக்க நிற்பவர்கள், கடைக்கு அரிசி மூட்டை இறக்குபவர்கள், வேன் ஓட்டுபவர்கள், சாப்பாட்டு மேசையிலேயே லேப்டாப்பை வைத்துக் குனிந்து வேலை பார்ப்பவர்கள் என்று எல்லோருக்கும் ஒருநாள் இடுப்போ கழுத்தோ பிடித்துக்கொள்கிறது, ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவரிடம்) நேரம் கிடைக்கத் தாமதமாகிறது, உடனே யாராவது ஒருவர் "ஆஸ்டியோபாத்கிட்ட போ, ஒரு நெட்டி எடுத்தா சரியாயிடும்" என்கிறார்.

நானும் அப்படித்தான் போக ஆரம்பித்தேன். அப்புறம் சொந்தக்காரர்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் துணையாகப் போய், அவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்லி, ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் சொல்லி உட்கார்ந்திருக்கிறேன். தடுமாறுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள், அதுவும் பாதிக்கு மேல் சிகிச்சை மேசையில் படுப்பதற்கு முன்னாலேயே. அதனால்தான் இந்த வழிகாட்டியில் முன் தயாரிப்புக்கு இவ்வளவு இடம்.

1. இது கை வைத்துப் பார்க்கிற வலிதானா?

நேரம் பதிவு செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. சில வலிகளுக்குக் கையால் செய்யும் வைத்தியம் நேர விரயம், சிலவற்றுக்கு ஆபத்து.

அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியவை: இடுப்பு வலியோடு சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போவது, மலம் கட்டுப்பாடில்லாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றியோ உள் தொடையிலோ உட்காரும் இடத்திலோ மரத்துப்போவது, இரண்டு கால்களிலும் வலியோ பலவீனமோ ஏறிக்கொண்டே போவது. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் இருக்கிற நரம்புக் கற்றை நசுங்கினால் இப்படி வரும், மணிக்கணக்கில் தாமதித்தாலும் நிரந்தரச் சேதம் ஆகலாம். நம் ஆட்கள் கூச்சப்பட்டுக் கடைசியில் சொல்வது இதைத்தான். வலியை வாய் ஓயாமல் சொல்வார்கள், கழிப்பறை விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள்.

தோள், தாடை, மேல்முதுகு வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் இருந்தால் 999-ஐ (அவசர ஆம்புலன்ஸ் எண்) அழையுங்கள். "வாயுப் பிடிப்பு" என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

நீண்ட விமானப் பயணம் முடிந்து ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அது தசைப்பிடிப்பாக இல்லாமல் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதை யாரையும் பிடித்துவிடச் சொல்லக் கூடாது. 111-ஐ (மருத்துவ ஆலோசனை எண்) அழையுங்கள். ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது.

ஜி.பி.யை முதலில் பார்க்க வேண்டியவை: காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு எப்போதாவது புற்றுநோய் வந்திருப்பது, படுத்தாலும் புரண்டாலும் குறையாத ராத்திரி வலி, கீழே விழுந்த பிறகு வந்த வலி, எலும்பு மெலிந்து வலுவிழந்தவர்களுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) எதையாவது தூக்கும்போது சடக்கென்று வந்த வலி.

2. வலிக்கு வேறு மூலம் இருக்கிறதா?

இந்தப் படியைப் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் காசு கொடுத்து உடம்பைப் பிசைந்துகொண்டிருப்பார்கள், மூலம் வேறெங்கோ இருக்கும்.

வைட்டமின் டி முதலாவது. கறுத்த தோல், மூடிய உடை, வெயில் இல்லாத ஊர் மூன்றும் சேர்ந்தால் குறைபாடு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அது முற்றினால் இடுப்பெலும்பு, தொடை, விலா என்று பரவலாக வலிக்கும், படியேறும்போதும் தரையிலிருந்து எழும்போதும் தொடையில் வலுவே இருக்காது. "எங்கே வலி?" என்று கேட்டால் "உடம்பு பூரா" என்பவர்கள் முதலில் ஜி.பி.யிடம் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோரும் தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வதையும், தெற்காசியர்களைப் போன்ற கறுத்த தோல்காரர்கள் ஆண்டு முழுவதும் எடுப்பதையும் பற்றி யோசிக்கச் சொல்கிறது அரசின் அறிவுரை. அது தடுப்பதற்கான அளவு. ஏற்கெனவே குறைந்து போனவர்களுக்கு ஜி.பி. சொல்லும் அளவு வேறு.

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொக்கி மாட்ட முடியவில்லை, தலை சீவ முடியவில்லை, வேறொருவர் தூக்கிவிட்டாலும் கை மேலே போகவில்லை என்றால் அதுவாக இருக்க வாய்ப்புண்டு. இது மாதங்கள், சிலருக்கு வருடங்கள் இழுக்கும். ரெண்டு தடவையில் சரி செய்கிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கொழுப்புக்குப் போடும் ஸ்டாட்டின் மாத்திரை சிலருக்குத் தசைவலி தரும். மாத்திரை ஆரம்பித்த தேதியையும் வலி ஆரம்பித்த தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், ஜி.பி.யிடம் பேசுங்கள்.

45 வயதுக்குள் தொடங்கிய இடுப்பு வலி, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, ஓய்வெடுத்தால் கூடி நடந்தால் குறைவது, ராத்திரி பின்பாதியில் எழுப்பிவிடுவது, இவை சேர்ந்து மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் அது அழற்சி வகை மூட்டுநோயாக இருக்கலாம். 50 தாண்டியவர்களுக்கு இரண்டு தோளும் காலையில் தூக்க முடியாத அளவு விறைத்துப்போனால் அதற்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. அதோடு புதுசாகத் தலைவலியோ, மெல்லும்போது தாடை வலியோ, பார்வை மங்கலோ வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், பார்வையே போய்விடக்கூடிய விஷயம் அது.

3. ஆளைத் தேர்ந்தெடுப்பது

முதலில் இலவச வழியைப் பாருங்கள். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஜி.பி. கடிதம் இல்லாமலே என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) பிசியோதெரபிக்கு நீங்களே பெயர் கொடுக்கலாம், பல ஜி.பி. நிலையங்களில் உள்ளேயே ஒரு பிசியோ இருக்கிறார். வரிசை நீளமாக இருக்கலாம், ஆனாலும் பெயரைக் கொடுத்துவிட்டு ஆஸ்டியோபாத்தைத் தேடுங்கள். ஆஸ்டியோபதி என்.எச்.எஸ்.-இல் அபூர்வமாகத்தான் கிடைக்கும், பெரும்பாலும் சொந்தக் காசுதான்.

பிரிட்டனில் "ஆஸ்டியோபாத்" என்ற பட்டத்தை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது. 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜெனரல் ஆஸ்டியோபதிக் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டும்தான் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம், மற்றவர் சொன்னால் குற்றம். அந்தக் கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் பதிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். "நல்லா பிடிச்சு விடுவார், ஆஸ்டியோபதியும் தெரியும்" என்று கை காட்டப்படும் ஆட்களை இந்த ஒரு நிமிட வேலையிலேயே வடிகட்டிவிடலாம்.

ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. அமெரிக்காவில் ஆஸ்டியோபதி படித்தவர்கள் முழு மருத்துவர்கள், மருந்து எழுதுவார்கள், அறுவை சிகிச்சையும் செய்வார்கள். பிரிட்டன் ஆஸ்டியோபாத் அப்படி இல்லை, நான்கைந்து வருடம் அதற்கென்றே படித்தவர்தான், ஆனால் மருந்துச் சீட்டு எழுத முடியாது. அமெரிக்க யூடியூபர் சொல்வதை வைத்து இங்கே எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

எதற்கெல்லாம் போகலாம் என்பதும் இந்தப் படியில் தெரிந்திருக்க வேண்டும். கீழ் இடுப்பு வலிக்குத்தான் ஆதாரம் ஓரளவு இருக்கிறது. கழுத்து, தோள், கால் மூட்டுகளுக்குக் குறைவு. ஆஸ்துமா, மாதவிடாய் வலி, குழந்தையின் ஓயாத அழுகை இவற்றுக்கெல்லாம் நல்ல ஆதாரம் இல்லை. தலையோட்டை மெல்லத் தொட்டு எல்லா நோயையும் தீர்ப்பதாகச் சொல்லும் முறைக்கு என் காசைக் கொடுக்க மாட்டேன்.

4. பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை

முதல் சந்திப்பு எவ்வளவு நேரம், எவ்வளவு கட்டணம், அடுத்தடுத்த தடவைக்கு எவ்வளவு, வர முடியாவிட்டால் எத்தனை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும். முதல் தடவை வழக்கமாக முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், அடுத்தவை சுமார் அரை மணி.

பெண் ஆஸ்டியோபாத் வேண்டுமென்றால் இப்போதே கேளுங்கள். மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தயங்குவதைவிட இது எல்லோருக்கும் நல்லது. துணைக்கு ஒருவர் கூட இருக்கலாமா என்றும் கேளுங்கள், இருக்கலாம் என்றுதான் சொல்வார்கள்.

தனியார் மருத்துவக் காப்பீடு இருந்தால் முதலில் காப்பீட்டுக்காரர்களிடம் அனுமதி எண் வாங்குங்கள். சிகிச்சை முடிந்த பிறகு ரசீதை அனுப்பினால் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள்.

பத்து தடவைக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றால், வேண்டாம். முதல் தடவை உங்களைப் பார்க்கும் முன்பே பத்து தடவை வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. காசு கட்டிவிட்டால் பலன் இல்லாவிட்டாலும் போய்க்கொண்டே இருப்போம்.

5. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்

இந்த ஒரு தாளுக்காகவே இந்த வழிகாட்டியைப் படிக்கலாம் என்பேன். முதல் சந்திப்பில் கேள்விக்கே இருபது நிமிடம் போகும், அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வராதது ராத்திரி படுக்கும்போதுதான் வரும்.

முதலில் வலியைப் பற்றி: எங்கே தொடங்கியது, எங்கே ஓடுகிறது, எப்போது கூடுகிறது, எதனால் குறைகிறது. வலி எப்படி என்பதையும் வீட்டில் சொல்வது போலவே எழுதிக்கொள்ளுங்கள். குடைகிறதா, கடுக்கிறதா, சுருக்கென்று குத்துகிறதா, எரிகிறதா, மரத்துப்போகிறதா, ஷாக் அடித்தது போல காலுக்குள் ஓடுகிறதா? பிட்டத்திலிருந்து முழங்காலைத் தாண்டிக் கீழே ஓடுகிற எரிச்சலும் மரப்பும் நரம்பு சம்பந்தப்பட்டதைக் காட்டும். இடுப்பைச் சுற்றி மட்டும் கடுப்பது பெரும்பாலும் வேறு வகை. இரண்டையும் "வலி" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டால் எதிரில் இருப்பவர் ஊகிக்கத்தான் வேண்டும்.

அடுத்தது மருந்துகள், எல்லாம். வார்ஃபரின், அபிக்சபான் மாதிரி ரத்தத்தை இளக்கும் மருந்து போடுபவர்களுக்குச் சில முறைகளைச் செய்யவே கூடாது. நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு எலும்பு மெலிந்திருக்கும். ஊரிலிருந்து பொட்டலத்தில் வருகிற "மூட்டுவலி மாத்திரை", லேகியம், சூரணம் இவற்றையும் எழுதுங்கள். மூலிகை என்று விற்கப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். "அது வெறும் நாட்டு மருந்துதானே" என்று விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. பழைய அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, முடக்குவாதம், கர்ப்பம் எல்லாமும் தாளில் வரட்டும்.

கடைசியாக, வலியால் இப்போது செய்ய முடியாமல் போன மூன்று வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். சுத்தமாக முடியவில்லை என்றால் 0, பழையபடி முடிகிறதென்றால் 10. பொதுவாக எழுதாதீர்கள், குறிப்பாக எழுதுங்கள்: சாமி அறையில் தரையில் உட்கார்ந்து எழுவது, குக்கரை அடுப்பிலிருந்து இறக்குவது, ஒரு மணி நேரம் வண்டி ஓட்டுவது. தேதியைப் போட்டு வையுங்கள். இதற்குக் காரணம் 11-ஆம் படியில் வரும்.

ஆங்கிலம் சிரமம் என்றால் பெரியவர் யாரையாவது கூட்டிப்போங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். சிறுநீர், மாதவிடாய் பற்றிய கேள்வி வந்ததும் அம்மாவும் பேச மாட்டார், பிள்ளையும் பேசாது. என்.எச்.எஸ். என்றால் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகவே கேட்கலாம், தனியாரிடம் நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

6. போகிற நாளில்

தைலம், எண்ணெய், சூடேற்றும் களிம்பு எதையும் தடவிக்கொண்டு போகாதீர்கள். எண்ணெய்ப் பசையில் கை வழுக்கும், மூட்டைப் பிடித்து அசைக்க முடியாது. தைலத்தால் சிவந்த தோலில் அழுத்தினால் எரிச்சல் வேறு.

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டாம், குப்புறப் படுக்க வேண்டியிருக்கும். போகும் முன் கூடுதலாக ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்வதும் வேண்டாம், எங்கே தொட்டால் வலிக்கிறது என்று பார்ப்பதுதான் அன்றைய வேலையே. மருத்துவர் தினசரி எடுக்கச் சொன்ன மருந்துகளை மட்டும் நிறுத்தக் கூடாது.

உடை: தளர்வான டி-ஷர்ட், இழுபடும் பேன்ட் அல்லது ஷார்ட்ஸ். சேலையிலோ இறுக்கமான ஜீன்ஸிலோ போனால் அசைவைச் சோதிக்க முடியாது. உள்ளாடையோடு இருக்கச் சொல்வார்கள் என்று பயந்து பலர் போகாமலே இருக்கிறார்கள். ஷார்ட்ஸும் பனியனும் போட்டுக்கொண்டு இருக்கலாமா என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள், துண்டால் மூடிக்கொள்ளவும் தருவார்கள். கழுத்து, தோள் வலி என்றால் சங்கிலிகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். தாலியைக் கழற்ற மனமில்லை என்றால் அதைச் சொல்லிவிடுங்கள், ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துக்கொண்டே செய்வார்கள்.

7. பேச்சும் சோதனையும்

முதல் பாதி கேள்வி பதில்தான். "காசு கொடுத்தது பேசவா?" என்று ஒருவர் என் காதில் முணுமுணுத்தார். இந்தப் பாதியில்தான் 1-ஆம் படியில் சொன்ன ஆபத்துகளை அவர் வடிகட்டுகிறார். எதுவும் கேட்காமல் நேரே படுக்கச் சொல்பவர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு நிற்கவைத்து, குனியவைத்து, திரும்பவைத்துப் பார்ப்பார். படுக்கவைத்துக் காலை நேராகத் தூக்குவார், சுத்தியலால் முழங்காலில் தட்டுவார், பெருவிரலை மேலே தள்ளச் சொல்லி எதிர்த்துப் பிடிப்பார். நரம்பு எங்கே அழுத்தப்படுகிறது என்று இவற்றில் தெரியும். இங்கே செய்யக்கூடாதது, முடிகிற மாதிரி காட்டிக்கொள்வது. வலித்தால் வலிக்கிறது என்று அந்த நொடியிலேயே சொல்லுங்கள்.

"எலும்பு விலகியிருக்கா?", "ஸ்கேன் எடுக்க வேண்டாமா?" இரண்டும் கட்டாயம் வரும் கேள்விகள். முதுகெலும்பு அவ்வளவு சுலபமாக விலகி, கையால் திரும்ப உட்கார்ந்துவிடாது, அப்படிச் சொல்பவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். ஸ்கேனைப் பொறுத்தவரை, வலியே இல்லாதவர்களை எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் 20 வயதுக்காரர்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்கும் 80 வயதுக்காரர்களில் சுமார் 84 விழுக்காட்டினருக்கும் முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது. ஆகவே ஆபத்து அறிகுறி இல்லாத வலிக்கு ஸ்கேன் எடுத்தால் பயம் கூடுமே தவிர வைத்தியம் மாறுவது அபூர்வம்.

சோதனை முடிந்ததும் என்ன என்று நினைக்கிறார், என்ன செய்யப்போகிறார், அதில் என்ன ஆபத்து, வேறு வழி என்ன என்று அவர் சொல்லி உங்கள் சம்மதம் கேட்க வேண்டும். அது அவர் கடமை. "நீங்க பார்த்துச் செய்யுங்க டாக்டர்" என்று தலையாட்டுவது மரியாதை என்று நினைக்கிறோம், அங்கே அது எல்லாவற்றுக்கும் சம்மதம் ஆகிவிடுகிறது.

8. மேசையில்

என்ன செய்யப்போகிறார்கள் என்று முன்பே தெரிந்தால் உடம்பு இறுகாது. நான்கு வகை அதிகம்.

தசையைப் பிசைந்து தளர்த்துவது எல்லோருக்கும் தெரிந்தது. அழுத்தம் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும், பல்லைக் கடித்து மூச்சை அடக்கினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம், சொல்லுங்கள். அழ வைத்தால்தான் பலன் என்பது நம் ஊர்ப் பழக்கம், அதற்கு ஆதாரம் கிடையாது.

மூட்டைத் தாளத்தோடு மெதுவாக ஆட்டி அசைப்பது இரண்டாவது. கால், கை முழுவதையும் அவர் கையில் விட்டுவிடுங்கள். புதியவர்கள் உதவி செய்வதாக நினைத்துத் தாங்களே தூக்கிக்கொடுப்பார்கள், அப்போது தசை வேலை செய்துகொண்டே இருக்கும், தளராது.

மூன்றாவதில் நீங்களும் சேர்ந்து தள்ள வேண்டும். அவர் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு "என் கையை எதிர்த்துத் தள்ளுங்கள்" என்பார், ஐந்து நொடி போல தள்ளிவிட்டுத் தளர்த்தினதும் இன்னும் கொஞ்சம் நீட்டுவார், இப்படிச் சில தடவை. உங்கள் முழு பலத்தில் கால்வாசி போதும். மூட்டை தூக்கிப் பழகிய ஆண்கள் இதைப் பஞ்சா போட்டியாக எடுத்துக்கொண்டு முக்கித் தள்ளி, பிடிப்பை அதிகமாக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

நான்காவதுதான் எல்லோரும் எதிர்பார்க்கும் நெட்டி. பக்கவாட்டில் படுக்கவைத்து, மேல் காலை மடக்கி, தோளை ஒரு பக்கமும் இடுப்பை எதிர்ப்பக்கமும் திருப்பி, மூச்சை வெளியே விடச் சொல்லி, சின்னதாக வேகமாக ஒரு தள்ளு. மூச்சை அடக்காமல் விடுவதுதான் உங்கள் பங்கு. சத்தம் எலும்பு உட்கார்ந்த சத்தம் இல்லை, மூட்டுத் திரவத்தில் திடீரென்று வாயுக் குமிழ் உண்டாவது. அதே மூட்டில் மறுபடி சத்தம் வர இருபது நிமிடம் போல ஆகும், விரலில் நெட்டி முறித்துப் பார்த்தாலே தெரியும். சத்தம் வரவில்லை என்றால் வைத்தியம் பலிக்கவில்லை என்று கிடையாது, ஆகவே "இன்னொரு தடவை எடுங்க" என்று கேட்காதீர்கள்.

9. கழுத்து நெட்டிக்கு மட்டும் தனியாக

கழுத்தை வேகமாகத் திருப்பும் முறையில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது மிக அபூர்வம், ஆனால் வந்திருக்கிறது. அதனால் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சு குழறல், இதுவரை அனுபவிக்காத மாதிரி திடீரென்று வந்த கடுமையான கழுத்து வலி அல்லது தலைவலி இருந்தால் மேசைக்குப் போகவே கூடாது, அவசரப் பிரிவுக்குத்தான்.

எதுவும் இல்லாவிட்டாலும் கழுத்து நெட்டி வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. மெதுவாக அசைப்பதும் பயிற்சியும் வைத்தே கழுத்து வலியைக் கையாளலாம். நான் கூட்டிப்போகும் வயதானவர்கள் எல்லோருக்கும் உள்ளே நுழைந்ததுமே இதைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை எந்த ஆஸ்டியோபாத்தும் முகம் சுளித்ததில்லை.

10. அடுத்த இரண்டு நாள்

24 முதல் 48 மணி நேரம் வரை உடம்பு அடித்துப்போட்டது போல வலிக்கலாம், அது சாதாரணம். வெந்நீர்ப் பை வைக்கலாம், மெதுவாக நடக்கலாம். அன்றைக்குப் பாரம் தூக்க வேண்டாம். இடுப்பு லேசானதும் கராஜைச் சுத்தம் செய்யக் கிளம்புபவர்கள் நம்மில் அதிகம்.

படுத்தே கிடப்பதும் தவறுதான். படுக்கை ஓய்வு இடுப்பு வலியைச் சரிசெய்வதில்லை, நீட்டிக்கிறது. அதே வாரத்தில் வேறொருவரிடம் போய் மசாஜ் செய்துகொள்வது இன்னொரு தவறு. எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும்.

சிகிச்சைக்குப் பிறகு புதிதாக மரப்பு, காலில் பலவீனம், சிறுநீர்ப் பிரச்சினை, தலைசுற்றலோடு பார்வைக் கோளாறு வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவு.

11. வீட்டு வேலையும் கணக்குப் பார்ப்பதும்

இடுப்பு வலிக்கும் கால் நரம்பு வலிக்குமான நைஸ் அமைப்பின் (எந்தச் சிகிச்சை பலன் தரும் என்று என்.எச்.எஸ்.-க்கு வழிகாட்டும் அமைப்பு) 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், கையால் செய்யும் சிகிச்சையைப் பயிற்சியும் சேர்ந்த தொகுப்பின் ஒரு பகுதியாக மட்டும்தான் பரிசீலிக்கச் சொல்கிறது, தனியாக அல்ல. கை வைத்தியம் வலியைக் கொஞ்ச நாளைக்குத் தணித்து அசைய இடம் கொடுக்கும், அந்த நாட்களில் அசைந்தால்தான் பலன் தங்கும். பயிற்சித் தாள் கொடுக்காத ஆஸ்டியோபாத்திடம் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு அல்லது மூன்று பயிற்சிக்கு மேல் வேண்டாம் என்று சொல்லுங்கள். பத்து கொடுத்தால் மூன்றாம் நாளே நின்றுவிடும். அவர் முன்னாலேயே ஒரு தடவை செய்து காட்டி, போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பார்த்துச் செய்பவர்கள் முக்கால்வாசிப் பேர் இடுப்பை அசைக்க வேண்டிய இடத்தில் கழுத்தைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள். பயிற்சியை ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தோடு கட்டிவிடுங்கள்: காலையில் பால் காய்கிற நேரத்தில் நாற்காலியிலிருந்து பத்து தடவை உட்கார்ந்து எழுவது, மத்தியான இடைவேளையில் பத்து நிமிடம் நடப்பது. செய்யும்போது லேசாக வலிப்பது பரவாயில்லை. மறுநாள் காலையிலும் கூடுதலாக வலித்தால் அளவைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

வேலை செய்யும் இடத்தையும் ஒரு கண் பாருங்கள். கல்லாவில் நிற்பவர் ஒரு காலைச் சின்னப் பெட்டிமேல் மாற்றி மாற்றி வைக்கலாம். மூட்டையைத் தரையிலிருந்து எடுக்காமல் இடுப்பு உயரத் தட்டில் வைத்து எடுக்கலாம். பெரிய செலவு இல்லை, ஆனால் எட்டு மணி நேர வேலை கெடுப்பதை வாரத்துக்கு அரை மணி சிகிச்சை சரிக்கட்ட முடியாது.

இனி 5-ஆம் படியில் எழுதிய மூன்று வேலைகளை எடுங்கள். ஒவ்வொரு தடவையும் போகும் முன் பழைய எண்ணைப் பார்க்காமல் புதிதாக மதிப்பெண் போடுங்கள். மூன்றின் சராசரி 2 புள்ளியாவது ஏறினால் அது நிஜமான முன்னேற்றம். அரைப் புள்ளி ஏறுவதும் இறங்குவதும் அன்றைய மனநிலை. மேசையிலிருந்து எழுந்ததும் "அப்பாடா, லேசா இருக்கு" என்பதை வைத்து மட்டும் முடிவு எடுக்காதீர்கள், அந்தச் சுகம் வீடு வந்து சேர்வதற்குள் போய்விடலாம். சாதாரண இடுப்புப் பிடிப்பு பலருக்குச் சில வாரங்களில் தானாகவே குறையக்கூடியது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

12. எப்போது நிறுத்துவது

மூன்று, நான்கு தடவைக்குப் பிறகும் எண்கள் அசையவில்லை என்றால் நிறுத்துங்கள். இது என் அளவுகோல், பெரும்பாலான நல்ல ஆஸ்டியோபாத்களே இந்தக் கட்டத்தில் "ஜி.பி.யைப் பாருங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். எண்கள் ஏறினாலும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் விட்டுவிட வேண்டியதுதான். வலியில்லாதபோதும் "பராமரிப்புக்கு" மாதாமாதம் வரச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள், காருக்கு வருடாவருடம் செய்யும் எம்.ஓ.டி. சோதனை மாதிரி எதுவும் முதுகெலும்புக்குக் கிடையாது.

நிறுத்தும்போது என்ன கண்டுபிடித்தார், என்ன செய்தார் என்று ஒரு கடிதம் கேட்டு வாங்கி, உங்கள் எண்கள் எழுதிய தாளோடு ஜி.பி.யிடம் கொடுங்கள். "போனேன், சரியாகவில்லை" என்று வெறுங்கையோடு போகிறவர் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

சம்மதம் இல்லாமல் செய்தார், தகாத முறையில் தொட்டார், காயப்படுத்தினார் என்றால் முதலில் தேதியும் நடந்ததும் எழுதி வையுங்கள். சின்ன மனத்தாங்கலை அந்த நிலையத்திலேயே பேசலாம். பெரியது என்றால் நேரே ஜெனரல் ஆஸ்டியோபதிக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. குற்றம் என்று பட்டால் போலீஸ். பதிவு பெற்ற ஆளாகப் பார்த்துப் போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், பதிவில்லாத ஆளைப் பற்றி அந்தக் கவுன்சில் உங்கள் சிகிச்சைப் புகாரை விசாரிக்க முடியாது.